மாம்பலத்து மாடியில் கேலக்ஸி வளர்ப்பது எப்படி?

மொட்டை மாடியில் கீரை வளர்க்கிறார்கள், புறா வளர்க்கிறார்கள். தி.நகரில் சிலர் கீழ்வீட்டுக்காரரோடு பகையும் வளர்க்கிறார்கள். மூன்றுக்கும் தண்ணீர்தான் மூலகாரணம். கேலக்ஸிக்குத் தண்ணீர் வேண்டாம். ஹைட்ரஜன் போதும். அதையும் லாரி வைத்து இறக்க வேண்டியதில்லை, ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் வந்துவிடும். உஸ்மான் சாலைக்குப் பின்னால், இரண்டாம் மாடிப் போர்ஷன் ஒன்றில், நான் ஒரு தட்டு கேலக்ஸியை வளர்த்து அதில் விண்மீன்களையும் பிறக்க வைத்திருக்கிறேன். பட்டதை அப்படியே சொல்கிறேன். கேட்டு நடப்பவர்களின் கரண்ட் பில்லுக்கு நான் பொறுப்பில்லை.

முதலில் சாமான் பட்டியல். ரிச்சி தெருவில் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று. எட்டு கோராவது இருக்கட்டும், ராம் கை கடிக்கும் அளவுக்குப் போடுங்கள். லினக்ஸ். இன்வெர்ட்டர். அப்புறம், உங்களைப் பெரிய ஆள் என்று நினைக்காத ஒரு பெரியவர். இந்தக் கடைசிச் சாமானைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பெரியம்மா வாய்த்தார். திரையில் எது வந்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆகும்.

கம்ப்யூட்டர் சின்னதாயிற்றே என்று கூச்சப்படாதீர்கள். 2004ல் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் 144 கணினிகளைக் கோத்து, இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயரால் 'கப்ரு' என்று ஒரு தொகுப்பு கட்டினார்கள். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் அது இடம் பிடித்தது. அவர்கள் அதில் குவார்க்குகளைக் கட்டிப்போடும் விசையைக் கணக்குப் போட்டார்கள், கேலக்ஸியை அல்ல. தரமணிக்காரர்கள் சின்ன விஷயத்துக்குப் பெரிய கம்ப்யூட்டர் கட்டினால், மாம்பலத்தில் பெரிய விஷயத்துக்குச் சின்ன கம்ப்யூட்டர் போதும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு தப்பு. ஆனால் தெம்பாக இருந்தது.

அடுத்தது மென்பொருள். ஜெர்மனிக்காரர் ஃபோல்கர் ஸ்பிரிங்கல் எழுதிய 'கேட்ஜெட்-2' இலவசம். 2005ல் வந்தது, உலகம் பூராவும் ஓடியது. இலவசம் என்றாலே நம்மூர் ஆசாமிக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும், எனக்கு வரவில்லை. அதை நிறுவ ஒரு கணித நூலகத்தின் இரண்டாம் பதிப்பு வேண்டும். மூன்றாம் பதிப்பு ஆகாது. பழைய மாடல் மிக்ஸிக்கு ஜார் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு அந்த அலைச்சல் புரியும். ஒருவழியாக ஓடியது. கூடவே வரும் மாதிரிக் கணக்கில் 60,000 புள்ளிகள், இரண்டு கேலக்ஸிகள். அவை நெருங்கி, முட்டி, வாலை நீட்டிக்கொண்டு பிரிந்து, மறுபடி வந்து முட்டும். மூன்று நாள் விதவிதமாக ஓட்டிப் பார்த்தேன்.

"ரெண்டும் ஏன்டா முட்டிக்குது?" என்றார் பெரியம்மா. ஈர்ப்பு என்றேன். "சரி, நட்சத்திரம் எப்பப் பொறக்கும்?"

பிறக்காது. அந்த மாதிரிக் கணக்கில் வாயுவே கிடையாது. பொதுவுக்குக் கொடுத்த கேட்ஜெட்-2ல் விண்மீன் பிறக்கும் பகுதியும் கிடையாது. மூன்று நாளாக நான் மாவில்லாத கிரைண்டரை ஓடவிட்டு இட்லிக்கு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு அந்தக் கதி வேண்டாம், நேரே 'கேட்ஜெட்-4'க்குப் போங்கள். அதில் வாயு குளிர்வதற்கும் விண்மீன் பிறப்பதற்கும் எளிய வழி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்.

கலவைக்கு வருவோம். பால்வீதி மாதிரி ஒன்று வேண்டுமென்றால் மொத்தம் ஒரு லட்சம் கோடி சூரியன் எடை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பங்கு கரும்பொருள். கண்ணுக்குத் தெரியாது, ஈர்ப்பு மட்டும் உண்டு. விண்மீன்கள் ஐயாயிரம் கோடி. வாயு ஆயிரம் கோடி, கல்யாணச் சாம்பாரில் காய் கிடக்கிற அளவு. இந்த வாயுவை ஒரு லட்சம் புள்ளியாகப் பிரித்தால், ஒரு புள்ளிக்கு ஒரு லட்சம் சூரியன். ஆக, உங்கள் கேலக்ஸியில் விண்மீன் பிறந்தது என்றால் ஒரு விண்மீன் பிறந்ததாக அர்த்தமில்லை, ஒரு லட்சம் சூரியன் எடையுள்ள ஒரு மூட்டை பிறந்தது என்று அர்த்தம். சில்லறை வியாபாரமே கிடையாது, எல்லாம் ஹோல்சேல்.

கரும்பொருளுக்குப் புள்ளிகளைக் குறைத்து மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். தோசை மாதிரி மெல்லிசாகத் தொடங்கிய தட்டு, நூறு கோடி வருஷத்துக்குள் ஊத்தப்பமாகிவிட்டது. எடை கூடிய புள்ளிகள் தட்டின் ஊடாகப் போகும்போதெல்லாம் விண்மீன்களை உலுக்கிவிட்டுப் போகின்றன. உலுக்க உலுக்கத் தட்டு உப்பும். இப்படி ஒன்றையொன்று உலுக்கி வேகம் கலைய எவ்வளவு காலமாகும் என்று 1942லேயே புத்தகம் போட்டு விளக்கியவர் நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர். மயிலாப்பூர் 'சந்திர விலாஸ்' வீட்டுப் பிள்ளை, மாநிலக் கல்லூரியில் படித்து 1930ல் கப்பலேறியவர். நிஜ கேலக்ஸியில் அதற்குப் பிரபஞ்சத்தின் வயது போதாது. புள்ளிகளைக் கஞ்சத்தனமாகப் போட்டால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். சந்திரசேகர் என்றதும் எல்லோரும் வெள்ளைக் குள்ளன் விண்மீனுக்கு 1.4 சூரியன் எடை என்ற எல்லையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஊத்தப்பக் கணக்கும் அவருடையதுதான் என்று மயிலாப்பூரில் யாராவது எடுத்துச் சொல்லக் கூடாதா?

தட்டு நிலையாக நின்றதும், அது எங்கே நொறுங்கிக் கட்டி தட்டும் என்று பார்க்க வேண்டும். இதற்குக் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து, மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஆகாய நடைபாதையில் ஏறி நில்லுங்கள். 2023ல் திறந்தார்கள். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, மாலை ஆறு மணி உசிதம். கீழே நாலு பேர் நின்று பேச ஆரம்பித்தால் பக்கத்துத் தள்ளுமுள்ளு அவர்களைக் கலைத்துவிடும். அதுதான் வாயுவின் அழுத்தம். நானூறு பேர் சேர்ந்து ஒரு கும்பலாக நகரப் பார்த்தால், உள்பக்கம் போகிறவனுக்கும் வெளிப்பக்கம் போகிறவனுக்கும் வேகம் வேறு, கும்பல் இழுபட்டுப் பிய்ந்துவிடும்; அது சுழற்சி. இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு உண்டு. அங்கே கூட்டம் போதுமான நெரிசலாக இருந்தால் அழுத்தத்தாலும் கலைக்க முடியாது, சுழற்சியாலும் பிய்க்க முடியாது. கட்டி தட்டிவிடும். ஆலார் டூம்ரே 1964ல் இதற்கு ஒரு எண் கொடுத்தார். அது ஒன்றுக்கு மேலே இருந்தால் தட்டு சாது, கீழே இறங்கினால் ரகளை.

பிற்பாடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த சந்தா ஜோக், பிலிப் சாலமனோடு சேர்ந்து 1984ல் இதில் ஒரு முடிச்சு போட்டார். வாயு தனியாகப் பார்த்தால் சாது. விண்மீன்கள் தனியாகப் பார்த்தாலும் சாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் ஒன்றின் இழுப்பு மற்றதைத் தூண்டி, சேர்ந்து நிலைகுலையும். கோடை விடுமுறைக்கு அக்கா வீட்டுப் பிள்ளைகளும் தம்பி வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக வந்து இறங்கிய வீட்டுக்காரர்கள் இதற்கு நிரூபணம் கேட்க மாட்டார்கள்.

ஆகாய நடைபாதையில் நின்ற காலோடு சுருள்கைகளையும் பார்த்துவிடுங்கள். ரங்கநாதன் தெரு முனையில் நெரிசல் அப்படியே நிற்கும். ஆனால் அதற்குள் நிற்கிற ஆள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறான். கேலக்ஸியின் கைகளும் இப்படி ஒரு நெரிசல்தான், விண்மீன்கள் உள்ளே வந்து வெளியே போகின்றன என்று லின், ஷூ இருவரும் அதே 1964ல் சொன்னார்கள். வாயு அந்த நெரிசலில் அமுங்குகிறது, விண்மீன்கள் பிறக்கின்றன. பெரிய நீல விண்மீன்களுக்கு ஆயுள் சில பத்து லட்சம் வருஷம். நெரிசலைத் தாண்டிப் போவதற்குள் கதை முடிந்துவிடும். அதனால்தான் கைகள் மட்டும் நீலமாகத் தெரிகின்றன. ஒரு எச்சரிக்கை: என் கம்ப்யூட்டரில் கைகள் அவர்கள் சொன்னபடி நிலையாக நிற்கவில்லை. கலைந்தன, வேறு இடத்தில் சேர்ந்தன. மற்றவர்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை, நீங்கள் நடுவே போகாதீர்கள்.

இப்போதுதான் பிரசவ அறை. கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், இதைப் பார்த்தால் பலருக்கு அறிவியல் மேல் இருக்கிற பயபக்தி போய்விடும்.

நிஜத்தில் விண்மீன் பிறக்க வாயு பத்து கெல்வின் வரை குளிர்ந்து, ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் அணு என்ற நெருக்கத்தையும் தாண்டிச் சுருங்க வேண்டும். எளிய சிமுலேஷனில் வாயு பத்தாயிரம் கெல்வினுக்குக் கீழே இறங்குவதே இல்லை. எடுத்த கணக்கில் அவ்வளவு நுணுக்கம் தெரியாது. அப்போது என்ன செய்வது? கல்யாணத் தரகர் செய்வதைச் செய்ய வேண்டும், ஜாதகத்தை மட்டும் பார்த்து முடித்துவிட வேண்டும். நீல் காட்ஸ் 1992ல் கட்டத்தைத் தெளிவாகப் போட்டார்: வாயு உள்நோக்கிப் பாய்கிறதா, தன் எடையால் சரியும் நிலையில் இருக்கிறதா, அடர்த்தி போதுமா. அடர்த்திக்கு ரொம்ப நாள் எல்லோரும் வைத்திருந்த வாசல், பத்து கன சென்டிமீட்டருக்கு ஒரு அணு. நாம் மூச்சு விடும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 25க்குப் பின்னால் 18 சைபர் போட்ட அளவு மூலக்கூறு இருக்கிறது. இந்தப் பொருத்தத்துக்குத்தான் மேளம்!

பொருத்தம் பார்த்து முடிந்ததும் தாயம் உருட்ட வேண்டும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வாசலைத் தாண்டிய வாயுப்புள்ளி விண்மீனாக மாறச் சுமார் 200 கோடி வருஷம் பிடிக்கும் என்று நீங்கள் ஒரு எண் கொடுக்கிறீர்கள். அடர்த்தி கூடக்கூட அது தானாகக் குறையும். கம்ப்யூட்டர் ஒரு எட்டுக்குப் பத்து லட்சம் வருஷம் நகர்கிறது என்று வையுங்கள். அந்த எட்டில் அந்தப் புள்ளி மாற இரண்டாயிரத்தில் ஒரு வாய்ப்பு. கம்ப்யூட்டர் ஒரு எண்ணை உருட்டும். விழுந்தால் அந்த இடத்திலேயே வாயு அழிந்து விண்மீன் மூட்டை ஆகிவிடும். விழாவிட்டால் அடுத்த எட்டு, அடுத்த உருட்டல். இரண்டாயிரம் முகம் உள்ள தாயக்கட்டை ஒன்றை ஒவ்வொரு புள்ளியும் கையில் வைத்துக்கொண்டு சுழல்கிறது. பெரியம்மாவுக்கு இதைச் சொன்னேன். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, "விருத்தம் விழுந்தா மறுபடி உருட்டலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த 200 கோடி எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். பால்வீதியின் குளிர்ந்த மூலக்கூறு வாயு சுமார் நூறு கோடி சூரியன் எடை. அது தன் எடையால் சரிய விட்டால் நாற்பது லட்சம் வருஷத்தில் வேலை முடிந்துவிடும். வருஷத்துக்கு இருநூறு சூரியனுக்கு மேல் பிறக்க வேண்டும். பிறப்பதோ இரண்டுதான். நூறில் ஒன்று. ஏன் இவ்வளவு சோம்பல்? கொந்தளிப்பு, காந்தப்புலம், இளம் விண்மீன்களின் வெளிச்சம், சூப்பர்நோவா என்று பல பெயரைச் சொல்கிறார்கள். என் கம்ப்யூட்டருக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. நூறில் ஒன்று என்பதை நாமே கையால் ஊட்ட வேண்டும். பெரியம்மா ரசத்துக்கு உப்பு போடுவதைப் பாருங்கள், அளவு கேட்டால் "பாத்துப் போடு" என்பார். ஆராய்ச்சிக் கட்டுரையில் இதற்கே 'அளவுத் திருத்தம்' என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிறப்பைப் பார்த்துக்கொண்டால் போதாது, சாவையும் பார்க்க வேண்டும். நூறு சூரியன் எடைக்கு ஏறக்குறைய ஒரு சூப்பர்நோவா. அது கக்கும் சக்தி, நம் சூரியன் ஆயுள் பூராவும் விடுகிற வெளிச்சத்துக்குச் சமம். ஒரு மூட்டைக்கு ஆயிரம் வெடி. பக்கத்து வாயு சிதறி ஓடும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஓடாது. வாயுப்புள்ளிகள் அவ்வளவு பெரிசு. அண்டா நிறையப் பச்சைத் தண்ணீரில் ஒரு டம்ளர் வெந்நீரை ஊற்றியது போல் ஆகிவிடும். லேசாகச் சூடேறி, அந்தச் சூட்டையும் உடனே வெளியே விட்டுவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி அடுத்த விண்மீனைப் பெற ஆரம்பிக்கும். பல வருஷம் இந்தத் துறையையே ஆட்டிவைத்த கோளாறு இது. வைத்தியம் மூன்று விதம். வெடித்த இடத்தில் கொஞ்ச காலம் குளிர்வதை நிறுத்திவைப்பது. வாயுவைக் காலால் உதைத்து வெளியே அனுப்புவது. இல்லாவிட்டால் வெந்நீரை அண்டாவில் ஊற்றாமல் ஒரே கிண்ணத்தில் ஊற்றுவது, அதாவது சில புள்ளிகளை மட்டும் கோடி டிகிரிக்கும் மேல் ஏற்றுவது. 2015ல் வந்த 'ஈகிள்' சிமுலேஷன் கிண்ணக் கட்சி.

2011ல் ஹாவியேரா கெடஸ், பியரோ மடாவ் குழுவினர் 'எரிஸ்' என்று ஒன்றை ஓட்டினார்கள். பால்வீதியை ஏறக்குறைய அச்சாகக் கொடுத்த முதல் சிமுலேஷன்களில் ஒன்று. அவர்கள் செய்த முக்கியமான காரியம் வாசல்படியை உயர்த்தியது: கன சென்டிமீட்டருக்கு 0.1 அணு என்றிருந்ததை 5 ஆக்கினார்கள். பிறப்பு நெருக்கமான இடங்களில் மட்டும் குவிந்தது, வெடிகளும் அங்கேயே குவிந்தன, வாயு நிஜமாகவே தூக்கி எறியப்பட்டது. ஓட்டிய கம்ப்யூட்டர் நாசாவின் 'பிளையேடிஸ்'. நம்மூர்க் கணக்கில் கார்த்திகை. பிடித்த காலம் ஒன்பது மாதம். இதைப் படித்ததும் நானும் வாசலை 5 ஆக்கினேன். என் ஒரு லட்சம் புள்ளிக்கு அந்த வாசல் தாங்கவில்லை, விண்மீனே பிறக்கவில்லை. அடுத்தவர் வீட்டு உப்பளவு நம் வீட்டுக் குழம்புக்குச் சரிவராது. திருப்பி 0.1க்கு இறக்கினேன்.

இந்த இடத்தில் கரண்ட் போகும். நிச்சயம் போகும். கேட்ஜெட் நடுநடுவே தன் நிலையைச் சேமித்து வைக்கும், எத்தனை மணிக்கு ஒருமுறை என்று நாம்தான் எழுத வேண்டும். டிஸ்க்கை மிச்சம் பிடிக்க இருபத்து நாலு மணி என்று எழுதியிருந்தேன். இருபத்து மூன்றாவது மணியில் விளக்கணைந்தது. இன்வெர்ட்டரில் ஃபேனும் பெரியம்மாவின் சீரியலும் மட்டும் ஓடின. கம்ப்யூட்டர் பிளக் எந்தப் பக்கம் என்று பார்க்காதது என் தப்பு. இரண்டு மணி என்று எழுதுங்கள். ரொம்ப வெறுத்துப்போனால் ஸ்வீடன்காரர் எரிக் ஹோல்ம்பெர்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். 1941ல் அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை. வெளிச்சமும் ஈர்ப்பு மாதிரியே தூரத்தின் இருமடியில் குறைகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, ஒரு கேலக்ஸிக்கு 37 வீதம் 74 பல்புகளை மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றின் இடத்திலும் வெளிச்சத்தை அளந்து, பல்பைக் கையால் நகர்த்தி நகர்த்தி இரண்டு கேலக்ஸிகளை மோதவிட்டார். அவருக்கும் கரண்ட் வேண்டியிருந்தது என்பது ஒரு ஆறுதல்.

சாப்பாடு போடவும் மறக்காதீர்கள். என் கேலக்ஸி முதல் நூறு கோடி வருஷம் ஜோராகப் பெற்றது, அப்புறம் வற்றியது. புது வாயு வரவே இல்லை. புனே அருகே முப்பது தட்டுகளோடு நிற்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி இதே சங்கதியை வானத்தில் கண்டது: 800 கோடி வருஷத்துக்கு முந்தைய கேலக்ஸிகளில் நிறைய ஹைட்ரஜன் இருந்தது, ஆனால் அவை செலவழித்த வேகத்துக்கு அது நூறு, இருநூறு கோடி வருஷம்தான் தாங்கும். 2020ல் வந்த முடிவு. வெளியிலிருந்து வரத்து குறைந்ததும் பிரபஞ்சம் முழுக்கப் பிறப்பு படுத்துவிட்டது. இந்த வற்றல் எங்கள் பேட்டைக்கும் உண்டு. பெரியம்மா வந்து குடியேறியபோதே இங்கே ஏரி இல்லை. 1920களில் மாம்பலத்தின் லாங் டேங்கைத் தூர்த்து மனை போட்டதுதான் இந்தத் தி.நகர். தண்ணீர் பூராவும் வீடாகிவிட்டது. என் கேலக்ஸியிலும் அதேதான், வாயு பூராவும் மூட்டையாகிவிட்டது. இதற்கு நேர்மாறாக 2025ல் புனேயிலிருந்து ராஷி ஜெயினும் யோகேஷ் வாடதேகரும் 'அலக்நந்தா' என்ற சுருள் கேலக்ஸியைக் காட்டினார்கள். பிரபஞ்சத்துக்கு வயது 150 கோடிதான் ஆகியிருந்தபோது இரண்டு கைகளும் ஒழுங்காக வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு அறுபது சூரியன் பெற்றுக்கொண்டிருந்தது. அவ்வளவு சீக்கிரம் தட்டு அவ்வளவு சீராக அமையாது என்று நினைத்திருந்தவர்கள் இப்போது உப்பளவைத் திரும்பப் பார்க்கிறார்கள்.

பதினொன்றாம் நாள் என் கணக்கு முடிந்தது. எத்தனை பிறந்தன என்று எழுதிவைக்கும் ஃபைலைத் திறந்தேன். வருஷத்துக்கு 1.9 சூரியன். பால்வீதியேதான்! பெரியம்மாவின் பேத்தி வந்திருந்தாள், பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். கூப்பிட்டுக் காட்டினேன்.

"சூப்பர் மாமா. அந்த 200 கோடியை யார் உள்ள போட்டது?"

"நான்தான்."

"எதுக்கு அந்த நம்பர்?"

"பால்வீதிக்கு இரண்டு வரணுமே."

"இரண்டு வரணும்னு போட்டீங்க, இரண்டு வந்துடுச்சு," என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள். காலேஜில் இப்படியெல்லாமா சொல்லிக்கொடுக்கிறார்கள்?

பெரியம்மா போகவில்லை. திரைக்குக் கிட்டே வந்து, ஒரு கையின் நடுவில் நீலமாகத் திரண்டிருந்த ஒரு கொத்தில் விரலை வைத்தார். திரையில் மஞ்சள் பட்டது.

"இது மட்டும் ஏன் இங்க இவ்ளோ?"

எனக்குத் தெரியவில்லை. சேமித்துவைத்த படங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ஓட்டினேன். அறுபது படம் தள்ளி, கைகள் இரண்டு கலைந்து சேருகிற நேரத்தில், வாயு இரண்டு பக்கமிருந்தும் வந்து அந்த முனையில் மோதியிருந்தது. அடைப்பு. அதற்குப் பிறகு தாயம் அங்கேதான் விழுந்துகொண்டே இருந்தது.

"இத நீ போடலியா?"

"இல்ல பெரியம்மா. அதுவா வந்தது."

"அப்ப மொதல்லயே இதக் காட்டறதுக்கென்ன," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "மறுபடி ஓட்டு."